துண்டுக்குள் ஐந்து விரல்

ரங்கநாயகி டீச்சருக்குச் சபுரா டீச்சரைக் கண்டாலே ஆகாது. ஏன் என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வார். அவள் நாற்காலியில் உட்காராமல் பிள்ளைகளோடு தரையில் உட்காருகிறாள், பிரம்பைத் தொடுவதில்லை, பொள்ளாச்சியிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் பாதி ஊர் அவள் பேரைச் சொல்கிறது. இதெல்லாம் வெளியே சொல்லிக்கொள்ள. உள்ளே இருந்த காரணம் வேறு. சபுராவின் வகுப்பில் பிள்ளைகள் பேசினார்கள்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அது. அன்னூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒன்றியப் பள்ளிக்கூடம். ஒரே நீளமான ஓட்டுக் கட்டடத்தை நடுவில் மரத்தடுப்பு வைத்து நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு என்று பிரித்திருந்தார்கள். நாலாவது சபுராவுக்கு, ஐந்தாவது ரங்கநாயகிக்கு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் கேட்கும்.

அந்த வருஷம்தான் ஒன்றியத்தில் ஒரு புது ஏற்பாடு வந்தது. வாரம் ஒருநாள் டீச்சர் ஒரு கதைப்புத்தகத்தை வகுப்பில் சத்தமாக வாசிக்க வேண்டும். பிள்ளைகள் கேட்டுவிட்டு மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். ரங்கநாயகி வாசிப்பார். குரல் நல்ல குரல்தான், அதில் குறை சொல்ல முடியாது. முடித்துக் கண்ணாடியைக் கழற்றி, "கதை எப்படி இருந்துச்சு?" என்பார். "நல்லா இருந்துதுங்க டீச்சர்" என்று வகுப்பே ராகம் போட்டு இழுக்கும். "கதையில இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டோம்?" என்பார். "பெரியவங்க பேச்சக் கேக்கோணுமுங்க டீச்சர்." சிங்கம் கிணற்றில் விழுந்த கதைக்கும் அதே பதில், மழை வராத ஊர்க் கதைக்கும் அதே பதில். அவருக்கு அதில் ஒரு கோளாறும் தெரியவில்லை. மரியாதையான பிள்ளைகள் என்று சந்தோஷப்பட்டார்.

உண்மையில் மரியாதையான பிள்ளைகள்தான். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை வாயைத் திறந்தாலே கூடவே ஒரு 'ங்க' வந்து விழும். எதிரில் இருக்கும் பெரியவர் முகம் சுண்டிப்போகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்ல அதற்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. டீச்சர் ஒரு கதையை வாசிக்கிறார் என்றால் அது டீச்சர் போட்ட சோறு. நன்றாக இல்லை என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

சபுராவுக்கும் முதலில் இந்த ராகம்தான் கிடைத்தது. ஆனால் அவர் அதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டார். ஒருநாள் ஊருக்குப் போய்விட்டு வரும்போது ஒரு துண்டைக் கொண்டுவந்தார். அவருடைய அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார், பொள்ளாச்சி மாட்டுச்சந்தையில் தரகர். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இரண்டு கைகள் துண்டுக்கடியில் போகும், விரலைப் பிடித்தே விலை பேசும். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. குறைத்துக் கேட்டுவிட்டானே என்று யாருக்கும் ஊரறிய முகம் முறியாது.

சபுரா அதை அப்படியே வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டார். கதை முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்த் துண்டுக்கடியில் கையை நீட்டுவார். ரொம்பப் பிடித்திருந்தால் டீச்சரின் ஐந்து விரலையும் பிடிக்கலாம். பிடிக்கவே இல்லையென்றால் ஒரே விரல். யார் எத்தனை பிடித்தார்கள் என்பதை அவர் எந்தக் காரணம் கொண்டும் வெளியே சொல்ல மாட்டார். இது பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த வாக்கு. அப்புறம் உட்கார்ந்து, "ஏன்னு சொல்லோணும்னு தோணுனாச் சொல்லுங்க, இல்லீன்னா உட்டுருங்க" என்பார். விரலால் ஒருதரம் உண்மையைச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு வாயால் சொல்வதிலும் கூச்சம் போய்விட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரே பேச்சு, சிரிப்பு, சண்டை. இந்தப் பக்கம் ரங்கநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வெறும் பொறாமையாக இருந்திருந்தால் காலப்போக்கில் ஆறியிருக்கும். இடையில் 'அடங்காத குட்டி' வந்து சேர்ந்தது.

'அடங்காத குட்டி' ரங்கநாயகி எழுதிய புத்தகம். கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து எழுதி, கோயமுத்தூரில் அச்சுக்குக் கொடுத்து, அட்டையில் ஆட்டுக்குட்டி படம் போட்டு வந்த புத்தகம். பட்டியைத் தாண்டிப் போகக் கூடாது என்று தாயாடு சொல்கிறது. குட்டி கேட்கவில்லை. இரவில் வெளியே போகிறது, நரி கவ்விக்கொண்டு போகிறது. காலையில் தாயாடு மற்ற குட்டிகளைப் பார்த்து, "சொன்ன பேச்சைக் கேளாதவர்களின் கதி இதுதான்" என்கிறது. அவ்வளவுதான் கதை. ரங்கநாயகிக்கு அதைவிட நல்ல கதை உலகத்தில் இல்லை. ஒன்றியத்து ஆசிரியர் எழுதிய புத்தகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாப் பள்ளிகளிலும் வாசிக்கப் போவதாகக் கல்வி அலுவலர் திருமூர்த்தி அறிவித்ததும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. அலுவலர் நேரில் வருவார், கதையைக் கேட்டுப் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவு செய்வார் என்றார்கள். ரங்கநாயகி பெயர் ஒவ்வொரு வகுப்பிலும் ஒலிக்க வேண்டும். அவருக்கு அதைத் தவிர வேறு ஆசையே இல்லாமல் போனது.

தலைமையாசிரியர் குமாரசாமி, பெரியவர், யாரிடமும் கெட்ட பெயர் வாங்காமல் ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்ற ஒரே லட்சியம் உள்ளவர். அவர்தான், நம்ம டீச்சர் புத்தகம், எல்லா வகுப்பிலும் ஒருதரம் வாசித்துவிடுங்கள் என்று நல்ல மனதோடு சொல்லிவைத்தார். சபுராவும் வாசித்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் ரங்கநாயகி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தார்.

வாசிப்பு முடிந்தது. துண்டு சுற்றி வருகிற அமைதி. அப்புறம் ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது. நந்திதா, முன்வரிசையில் உட்காருகிற குள்ளமான பிள்ளை.

"டீச்சர், அந்தத் தாயாடு ஏனுங்க கத்தவே இல்ல?"

"எப்பக் கண்ணு?"

"குட்டியக் காணம்னு தெரிஞ்சதுமுங்க. தேடிக்கூடப் போகுலீங்க. செத்துப்போச்சுன்னு தெரிஞ்சும் அழுவுலீங்க. அது என்னங்க அம்மா?"

இன்னொரு பையன், "மத்த குட்டிகளுக்குப் புத்தி சொல்றதுக்காக அந்தக் குட்டியக் கொன்னுபோட்டாங்க டீச்சர்" என்றான். வகுப்பு சிரித்தது. சபுரா சிரிக்கவில்லை. "சரி, அந்தத் தாயாடு என்ன செஞ்சிருக்கோணும்னு நெனைக்கறீங்க?" என்று கேட்டார். ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

ரங்கநாயகிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய் வாசலில் நின்றார்.

"ஏனுங்க சபுரா டீச்சர், இங்க என்னங்க நடக்குது? பள்ளிக்கூடமுங்களா, மாட்டுச்சந்தையுங்களா?"

"கதை கேட்டுப் பேசிட்டு இருக்கறமுங்க டீச்சர். வாங்க, உக்காருங்க."

"உக்காரறதுக்கு வருலீங்க. பெரியவங்க எழுதுனத இப்படிக் கொழந்தைகள உட்டு நாறடிக்கறதுக்குத்தான் உங்க ஊர்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்குலீங்க. அவங்களுக்குத் தோணுனதச் சொன்னாங்க. அந்தப் புள்ள கேட்டது நல்ல கேள்விதானுங்களே. உங்களுக்குப் பதில் தெரிஞ்சாச் சொல்லிட்டுப் போங்க."

தாயாடு ஏன் கத்தவில்லை என்று ரங்கநாயகி ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அது தெரிந்ததும் கோபம் இரண்டு மடங்கானது. நந்திதாவைப் பார்த்து, "வாய் ரொம்ப நீளுது அம்மணி. அஞ்சாவதுக்கு என்றகிட்டத்தான வருவ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? அந்த நேரத்தில் அவருக்கு வயதெல்லாம் கண்ணில் படவில்லை.

நேராகக் குமாரசாமியிடம் போனார். துண்டுக்குள் கைபிடிக்கிற கூத்தை நிறுத்த வேண்டும், தரகர் வேலை பள்ளிக்கூடத்துக்கு ஆகாது, நிறுத்தாவிட்டால் ஊரைக் கூட்டுவேன் என்றார். குமாரசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் எனக்கு வேண்டியவங்கதானுங்க டீச்சர். ஆனா ஒண்ணு. அலுவலர் அந்தத் துண்டு சமாச்சாரத்தப் பத்திக் கேள்விப்பட்டுட்டாருங்க. அதத்தான் பாக்கோணும்னு சொல்லிவுட்டிருக்காரு. ரெண்டு வகுப்பையும் ஒண்ணா உக்கார வெச்சு, நீங்க கதை படிச்சு, நீங்களே துண்டக் கொண்டுபோகோணுமாம்."

ரங்கநாயகி வெளியே வந்து குழாயடியில் நின்று தண்ணீர் குடித்தார். துண்டுக்குள் தன் விரலைப் பிடிக்கப் போவது யார் யார் என்று யோசித்துப் பார்த்தார். ஐந்தாம் வகுப்பைப் பற்றிப் பயமில்லை. அலுவலர் வருவதற்கு முதல் நாளே நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்: "நாளைக்கு எல்லாரும் அஞ்சு விரலையும் புடிக்கோணும். புரிஞ்சுதா?" "புரிஞ்சுதுங்க டீச்சர்." நாலாம் வகுப்பிடம் சொல்ல வழியில்லை. சபுரா கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார்.

திருமூர்த்தி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். ஒல்லியான, சிரித்த முகமுள்ள மனிதர். மரத்தடுப்பை நாலு பேர் தூக்கிச் சுவரோரம் வைத்தார்கள். பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். "எழுதுனவங்களே கேட்டாத்தானுங்க நெசம் தெரியும். படிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்.

ரங்கநாயகி வாசித்தார். குட்டி பட்டியைத் தாண்டிய இடத்தில் குரலைத் தாழ்த்தினார், நரி வந்த இடத்தில் உயர்த்தினார். தாயாடு பேசுகிற கடைசி வரி வந்ததும் அவர் கண் தன்னையறியாமல் நந்திதாவிடம் போனது. அந்தப் பிள்ளை குனிந்து பாவாடை ஓரத்தை நீவிக்கொண்டிருந்தது.

சபுரா எழுந்து வந்து துண்டைக் கொடுத்தார். கொடுக்கும்போது ரங்கநாயகிக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வாக்கு அவங்களுக்குக் குடுத்ததுங்க டீச்சர். பாத்துக்குங்க" என்றார்.

ஐந்தாம் வகுப்பு முதலில். சொல்லிவைத்தபடி ஐந்து, ஐந்து, ஐந்து. கையை வெடுக்கென்று நீட்டி, இறுக்கிப் பிடித்து, வெடுக்கென்று விட்டார்கள். பிரம்படிக்குக் கை நீட்டுகிற பிள்ளைகள்கூட அதைவிட ஆசையாக நீட்டும். அப்புறம் நாலாம் வகுப்பு. முதல் பையன் இரண்டு விரலைப் பிடித்தான். அடுத்தவன் மூன்று. ஒரு பெண்பிள்ளை வெகுநேரம் யோசித்து இரண்டைப் பிடித்தது. அலுவலர் பின்னாலிருந்து சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் துண்டு மட்டும்தான்.

நந்திதாவின் முறை வந்தது. அந்தச் சின்னக் கை துண்டுக்குள் வந்து, தடவிப் பார்த்து, சுண்டுவிரல் ஒன்றை மட்டும் பிடித்தது. அமுக்கிப் பிடிக்கவில்லை, வலிக்கக் கூடாது என்பதுபோல் மெதுவாகத்தான் பிடித்தது. பிடித்தபடியே நிமிர்ந்து டீச்சர் முகத்தைப் பார்த்தது. பயமில்லை, திமிருமில்லை. கேட்டார்கள், சொல்லிவிட்டோம் என்ற நிம்மதிதான் அந்த முகத்தில் இருந்தது. ரங்கநாயகிக்கு அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

"எப்படீங்க டீச்சர்? என்ன சொல்றாங்க உங்க ரசிகர்க?" என்றார் திருமூர்த்தி.

"அத வெளிய சொல்றதில்லீங்க சார்" என்று சபுரா குறுக்கே வந்தார். "கொழந்தைகளுக்குக் குடுத்த வாக்குங்க."

"தனித்தனியா வேண்டாமுங்க. மொத்தத்துல எப்படின்னு சொன்னாப் போதும்."

ரங்கநாயகி துண்டை மடித்தார். பிள்ளைகள் அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டுக்குள் நடந்தது அவருக்கும் அந்தந்தப் பிள்ளைக்கும் மட்டுமே தெரியும். வேறு சாட்சி கிடையாது.

"எல்லாருமே அஞ்சுங்க சார்" என்றார். "ஒருத்தர் பாக்கியில்லீங்க."

நாலாம் வகுப்பில் சின்னதாக ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. திருமூர்த்தி மகிழ்ந்துபோய் எழுந்து வந்தார். வந்தவர் முன்வரிசையில் இருந்த பிள்ளை பக்கம் குனிந்தார். அது நந்திதாவாக இருந்தது யார் செய்த பாவமோ.

"உனக்கும் அஞ்சா கண்ணு? கதையில என்ன அவ்ளோ புடிச்சுது?"

நந்திதா எழுந்து நின்றது. முதலில் ரங்கநாயகியைப் பார்த்தது, அப்புறம் சபுராவைப் பார்த்தது. இந்தப் பிள்ளை ஐந்து பிடித்திருக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால், பிள்ளை துண்டுக்குள் கொடுத்ததை அவரே ஊரறிய உடைக்க வேண்டும். சபுரா வாயைத் திறக்கவில்லை. நந்திதா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தது. அப்புறம் கையைக் கட்டிக்கொண்டது.

"நல்லா இருந்துதுங்க சார்."

"கதையில இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?"

"பெரியவங்க பேச்சக் கேக்கோணுமுங்க சார்."

திருமூர்த்தி பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தார். ரங்கநாயகிக்குக் கைகுலுக்கினார். ஜீப் கிளம்பிப் போகும்வரை குமாரசாமி வாசலில் நின்று கும்பிட்டார்.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு சபுரா வராந்தாவில் வழிமறித்து நின்றார்.

"ஜெயிச்சுட்டீங்க. சந்தோஷமுங்க டீச்சர்."

"என்ன, குத்திக் காட்டறீங்களா?"

"ஆமாங்க, குத்தித்தான் காட்டறேன். இத்தன மாசமா நான் அவங்களுக்குக் கத்துக் குடுத்தது ஒண்ணே ஒண்ணுங்க. உள்ளத இருக்கற மாதிரிச் சொன்னா ஒண்ணும் ஆவாதுன்னு. ஒரே வார்த்தையில அதக் கொன்னுபோட்டீங்க. உங்க கதையில வர்ற நரி பரவாயில்லீங்க, அதுக்குப் பசிச்சுது."

"வாய அளந்து பேசோணும், சொல்லிட்டேன். எங்கிருந்தோ பொழைக்க வந்துபோட்டு..."

"பொழைக்கத்தானுங்க வந்தேன். நீங்களும் இங்க பொழைக்கத்தானுங்க வந்திருக்கறீங்க. நான் போயிர்றனுங்க. அந்தக் கொழந்தைக இங்கதான் இருக்கும். அவங்க மூஞ்சியில நீங்க முழிச்சுக்குங்க."

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மே மாதம் சபுரா மாறுதல் வாங்கிக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டார். போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார், ரங்கநாயகியிடம் மட்டும் சொல்லவில்லை. தொல்லை விட்டது என்று ரங்கநாயகி நினைத்தார்.

'அடங்காத குட்டி'யை அதற்கு முன்பே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஒன்றியத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் புத்தகம் போனது. அன்னூர் பஸ் ஸ்டாண்டில் தெரியாத டீச்சர்கள் எல்லாம் வந்து வணக்கம் சொன்னார்கள். "எங்க வகுப்புல எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சுதுங்க" என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்கத்தான் அவர் அத்தனை பாடுபட்டார். கேட்டபோது காதோடு நின்றுவிட்டது, உள்ளே இறங்கவில்லை. சுண்டுவிரலை ஒரு சின்னக் கை பிடித்தது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது.

கோடை விடுமுறையில் அவர் மறுபடி எழுத உட்கார்ந்தார். இந்தத் தடவை குட்டியைக் காணோம் என்றதும் தாயாடு கத்தியது. கயிற்றை அறுத்துக்கொண்டு முள்வேலிக்குள் புகுந்து, மடியெல்லாம் கிழிந்து, காடு காடாக அலைந்தது. எழுதும்போதே ரங்கநாயகிக்கு அழுகை வந்தது. முன்பு எழுதியது கதையே இல்லை, இதுதான் கதை என்று அவருக்கே தெரிந்தது. அச்சுக்குக் கொடுக்கவில்லை. முதலில் ஒரு ஆள் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தார்.

ஜூனில் பள்ளி திறந்தது. நாலாம் வகுப்பு ஐந்தாம் வகுப்பாகி அவர் முன்னால் வந்து உட்கார்ந்தது. ரங்கநாயகி முதல் வாரத்திலேயே கதையை எடுத்தார். நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் உட்கார்ந்து வாசித்தார். முட்டி வலித்தது, பொறுத்துக்கொண்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த துண்டை விரித்தார்.

ஐந்து. ஐந்து. ஐந்து. பின்வரிசைவரை ஐந்து. நந்திதாவும் ஐந்து.

"கண்ணு," என்றார் ரங்கநாயகி. குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "நெசத்தச் சொல்லு. டீச்சர் கோவிச்சுக்க மாட்டேன். ஒரு வெரல் கொறைச்சுப் புடிச்சாலும் செரி. இந்தத் தாயாடு செரியா இருக்குதா?"

"நெசமாத்தானுங்க டீச்சர். நல்லா இருந்துதுங்க."

நிஜமாகவே பிடித்திருந்ததோ என்னவோ. அதை இனி எப்படித் தெரிந்துகொள்வது? ரங்கநாயகி வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். எல்லா முகமும் மரியாதையாக, துடைத்து வைத்த பலகைபோல் இருந்தது. அவருக்கு ஒரு வெறி வந்தது. மேஜையில் கிடந்த சுற்றறிக்கையை எடுத்து, அதே ஏற்ற இறக்கத்தோடு வாசிக்க ஆரம்பித்தார்.

"பள்ளியில் உள்ள உடைந்த பெஞ்சுகளின் விவரம் கோரப்படுகிறது. கால் உடைந்தவை தனியாகவும் பலகை பெயர்ந்தவை தனியாகவும் காட்டப்பட வேண்டும். பழுது பார்க்க இயலாதவற்றைத் தலைமையாசிரியர் சான்றொப்பமிட்டு அனுப்ப வேண்டும்."

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளைகூட இது என்னங்க டீச்சர் என்று கேட்கவில்லை. அவர் துண்டை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். நந்திதாவின் கை துண்டுக்குள் வந்தது. ஒவ்வொரு விரலாகச் சேர்த்து, ஐந்தையும் பிடித்தது. பிடியை விடாமல் நிமிர்ந்து பார்த்துக் கேட்டது:

"போதுமுங்களா டீச்சர்?"